நோ இல்லை, உறுத்துது

அம்மாவின் வலக் கண்ணில் புரை எடுத்து மூன்றாம் நாள், கிளினிக்கில் தாதி கேட்டார்: "அம்மா, கண் நோகுதோ?"

"இல்லை மிஸ், ஒண்டும் இல்லை" என்றார் அம்மா.

நான் பக்கத்தில்தான் நின்றேன். முதல் நாள் இரவு முழுக்க அவர் நித்திரை கொள்ளவில்லை. கட்டிலில் எழும்பியிருந்து, சேலைத் தலைப்பை உருட்டி வாயால் ஊதிச் சூடாக்கி, கண்ணுக்குக் கீழே ஒற்றிக்கொண்டே இருந்தார். வெளியே வந்ததும் கேட்டேன், ஏனம்மா இல்லையெண்டு சொன்னீங்கள் என்று.

"நோகேல்லைப் பிள்ளை. உறுத்துது. நோவெண்டால் என்னெண்டு எனக்குத் தெரியாதே?"

அவருக்குத் தெரியும். 2009 தை மாதக் கடைசியில், போர் நேரம், சுதந்திரபுரம் பக்கம் பங்கருக்குள் இறங்கும்போது இடத் தோளில் பட்ட செல் பீஸ், எறிகணைத் துண்டு, இன்னும் உள்ளேதான் இருக்கிறது. மழை பிடித்தால் கடுக்கும். அதைக்கூட அவர் நோ என்று சொல்வதில்லை, "கை கொஞ்சம் கடுக்குது" என்பார். அப்படிப்பட்ட ஒருவரிடம் கண் நோகுதோ என்று கேட்டால் வேறென்ன பதில் வரும்?

அன்று திரும்பவும் உள்ளே போனேன். "மிஸ், அம்மாவுக்கு நோ இல்லையாம், ஆனால் மண் விழுந்த மாதிரி உறுத்துதாம். இரவிலை நித்திரை இல்லை" என்றேன். டொக்டர் மறுபடியும் கருவியில் நாடியை (முகவாயை) வைக்கச் சொல்லிப் பார்த்தார். காயம் நன்றாக இருக்கிறது, கண் காய்ந்துபோய் இருக்கிறது என்று சொல்லி, செயற்கைக் கண்ணீர் மருந்து ஒன்று எழுதித் தந்தார். இரண்டு நாளில் பாதி குறைந்தது. ஒரு சொல் மாறியதால் வந்த மருந்து அது.

நோ என்பது எங்கள் பக்கத்தில் பெரிய சொல். பல்லு நோ, நாரி நோ, பிள்ளைப்பேற்று நோ. ஆளைப் படுக்கையில் போட்டால்தான் அது நோ. கண்ணுக்கென்று எங்களிடம் வேறு சொற்கள் இருக்கின்றன. மண் விழுந்தால் உறுத்தும். வெங்காயம் வெட்டினால் கரிக்கும். மிளகாய்க் கை பட்டால் எரியும். சொறியச் சொல்லிக் கேட்டால் அது கடி. வெயிலைப் பார்த்தால் கூசும். இவை எல்லாம் கண்ணின் மேற்பரப்பில் நடப்பவை. இன்னொன்று இருக்கிறது: கண்ணுக்குப் பின்னாலிருந்து புருவத்துக்கு ஏறி, நாடி அடிக்கிற கணக்கில் விண்விண்ணென்று இடிப்பது. முதல் ஐந்தும் ஒப்பரேசனுக்குப் பிறகு பெரும்பாலும் வந்து போகிறவை. கடைசியானது வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இந்த வித்தியாசத்தை நான் படித்தது அம்மாவின் இரண்டாவது கண்ணில். அதைப் பிறகு சொல்கிறேன்.

உறுத்தல் ஏன் வருகிறது என்று எனக்கு விளங்கிய பிறகுதான் அதைக் குறைக்கும் வழியும் விளங்கியது. கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடி போல இருக்கும் விழிவெண்படலம் அரை மில்லிமீற்றர் அளவுதான் தடிப்பு. அதற்குள் இரத்தக் குழாய் கிடையாது. ஆனால் நரம்பு முனைகள் உடம்பிலேயே மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. அதனால்தான் ஒரு உமி விழுந்தாலும் உலகமே இடிந்தது போல இருக்கிறது. புரையை மெஷினால் கரைத்து எடுக்கும்போது அந்தப் படலத்தின் ஓரத்தில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் வெட்டு வைப்பார்கள். மெஷின் இல்லாமல் கையால் எடுக்கும் முறையில் வெட்டு இன்னும் பெரியது, ஆறேழு மில்லிமீற்றர் வரும். வெட்டு எவ்வளவு சிறிதானாலும் சில நரம்பு இழைகள் அறும். கண்ணீர் சுரக்கச் சொல்லிச் செய்தி கொண்டுபோவதும் அந்த நரம்புகள்தான். அவை திரும்ப வளரக் கிழமைகள் ஆகும், சிலருக்கு மாதங்களும் ஆகும். பெரும்பாலானவர்களுக்கு மூன்று மாதத்துக்குள் சரிவந்துவிடும்.

ஒப்பரேசனுக்கு முன்னால் கிருமி கொல்ல அயடின் கலந்த பழுப்பு மருந்தால் கண்ணைக் கழுவுகிறார்கள். அது கட்டாயம் தேவை, கண்ணைக் காப்பாற்றுவதே அதுதான். ஆனால் மேற்பரப்பை அது கொஞ்சம் புண்படுத்தும். பிறகு வீட்டில் விடும் மருந்துகளில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் கண்ணைக் காயப்பண்ணும். எல்லாம் சேர்ந்ததுதான் அந்த மண் விழுந்த உணர்வு.

"தண்ணி ஓடுது, பிறகு எப்பிடிக் கண் காய்ஞ்சது?" என்று அம்மா கேட்டார். சரியான கேள்வி. கண் காய்ந்தால் அதை ஆபத்தென்று எடுத்துக்கொண்டு, கண்ணுக்கு மேலே வெளிப்பக்கமாக இருக்கும் சுரப்பி வெறும் தண்ணீரைக் கொட்டும். அது கன்னத்தில் வழிந்துவிடும், கண்ணில் ஒட்டி நிற்காது. ஒட்டி நிற்கிற மாதிரிச் செய்யப்பட்டதுதான் செயற்கைக் கண்ணீர். ஆகவே தண்ணீர் வடிகிறது என்று செயற்கைக் கண்ணீரை நிறுத்தக் கூடாது. நாங்கள் ஒரு நாள் நிறுத்திப் பார்த்துக் கஷ்டப்பட்டோம்.

மருந்து விடுவதில் நாங்கள் விட்ட பிழைகளைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் எங்கள் ஒழுங்கையிலேயே இன்னும் மூன்று வீட்டில் அதே பிழைகளைக் கண்டேன். ஆஸ்பத்திரியில் மூன்று போத்தல் தந்தார்கள். மேலே ஒட்டியிருந்த துண்டில் ஆங்கிலச் சுருக்கெழுத்து. சொல்லித் தந்தவருக்கும் நேரம் இல்லை, பின்னால் ஐம்பது பேர் வரிசையில் நின்றார்கள். நாங்கள் என்ன செய்தோம் என்றால், மூன்றையும் ஒரே மூச்சில், ஒவ்வொன்றிலும் இரண்டு துளி, கூடினால் நல்லது என்று நினைத்து விட்டோம்.

கண்ணில் சாதாரணமாக நிற்கும் கண்ணீர் ஏறத்தாழ 7 மைக்ரோலீற்றர். போத்தலில் இருந்து விழும் ஒரு துளி 30 முதல் 50 மைக்ரோலீற்றர் வரை இருக்கும். ஒரு துளியையே கண்ணால் முழுதாகத் தாங்க முடியாது, மிச்சம் வழிந்துவிடும். இரண்டாம் துளி முதல் துளியைக் கழுவிக்கொண்டு போகும். அடுத்த போத்தல் இரண்டையும் கழுவிக்கொண்டு போகும். அம்மாவின் கன்னம்தான் நன்றாக மருந்து குடித்தது, அந்தத் தோலும் எரிந்து சிவந்தது.

பிறகு ஒரு தாதி ஆறுதலாக இருந்து காட்டித் தந்த முறை இது. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். ஆளைக் கதிரையில் இருத்தித் தலையைப் பின்னால் சாய்த்து, கீழ் இமையை மெல்ல இழுத்தால் ஒரு சிறு பை போல வரும். அதற்குள் ஒரு துளி. போத்தல் மூக்கு இமையிலோ மயிரிலோ முட்டக் கூடாது, முட்டினால் போத்தல் முழுக்கக் கிருமி. பிறகு கண்ணை மெல்ல மூடி, மூக்குப் பக்க மூலையை விரலால் மெதுவாக ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ அமர்த்திப் பிடிக்க வேண்டும். அந்த வழியால்தான் மருந்து மூக்குக்கும் தொண்டைக்கும் போகிறது, "வாய் கைக்குது" என்று அம்மா சொன்னதன் காரணம் அதுதான். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி. தேவாரம் ஒன்றை ஆறுதலாகப் பாடி முடித்தால் அந்த நேரம் போய்விடும், நாங்கள் அப்படித்தான் கணக்கு வைத்தோம்.

வெள்ளையாக இருக்கும் ஸ்டீரொயிட் மருந்து அடியில் மா போலப் படியும். அதைக் குலுக்கித்தான் விட வேண்டும். நாங்கள் நாலு நாள் குலுக்காமல் விட்டோம். அந்த மருந்தைத்தான் டொக்டர்மார் கிழமைக்குக் கிழமை குறைத்துக்கொண்டு போவார்கள். கண் வெளுத்துவிட்டது, இனி எதற்கு என்று தாங்களாகவே நிறுத்துகிறவர்கள் இங்கே நிறையப் பேர். திடீரென்று நிறுத்தினால் வீக்கமும் சிவப்பும் நோவும் திரும்ப வரலாம்.

போத்தல்களை அடையாளம் காண நான் முதலில் கலர் நூல் கட்டினேன். மற்றக் கண்ணிலும் புரை இருந்ததால் அம்மாவுக்கு நிறம் பிடிபடவில்லை. பிறகு இறப்பர் வளையம் போட்டேன். நாலு வேளை மருந்துக்கு நாலு, இரண்டு வேளைக்கு இரண்டு. நான் பள்ளிக்கூடம் போன நேரம் அவர் தடவிப் பார்த்தே எடுத்து வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு விடுவித்தார். எங்கள் வீட்டில் பிரிட்ஜ் இல்லை. செயற்கைக் கண்ணீர்ப் போத்தலை ஒரு மூடிய டப்பாவில் போட்டு, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் ஈர மணலில் வைத்தோம். குளிர்ந்த துளி விழும்போது அம்மாவின் முகம் தளர்வதைப் பார்க்க வேண்டும். எரிவுக்கு அதைவிட ஆறுதல் எதுவும் நான் காணவில்லை.

முதல் கண் ஆடி மாதத்தில் செய்தது. வன்னியில் ஆடி என்றால் தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று. விசுவமடுவில் எங்கள் வீடு கிரவல் ஒழுங்கைக்குள், மேற்கே பார்த்தபடி. மண் ஏற்றும் டிப்பர் ஒன்று போனால் கால் மணித்தியாலத்துக்கு முற்றம் சிவந்து நிற்கும். அம்மா பின்னேரங்களில் கேற்றடி மாமரத்துக்குக் கீழே கதிரை போட்டு இருப்பவர். அவரை அங்கிருந்து கிளப்பி, கிழக்குப் பக்க விறாந்தைக்குக் கொண்டுபோக இரண்டு நாள் வாதாட வேண்டியிருந்தது. முற்றம் கூட்டுவதற்கு முன் தண்ணீர் தெளித்தோம். பக்கமும் மூடுகிற கறுத்தக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தோம். வெயிலுக்கு மட்டுமல்ல, காற்றுக்கும் அதுதான் காவல். மேசை விசிறியை முகத்துக்கு நேரே வைக்காமல் சுவரைப் பார்க்கத் திருப்பினோம். இந்தச் சின்ன மாற்றத்துக்கு அவ்வளவு பலன் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. விடியக் கண் திறக்கும்போது இமை ஒட்டிக்கொள்வது நின்றது.

குசினிதான் பெரிய சண்டை. காஸ் அடுப்பு இருந்தாலும் சோறு விறகில் வெந்தால்தான் அம்மாவுக்குச் சோறு. பாலை விறகு புகையாது என்பார். எது புகையாதது? குனிந்து ஊதுகுழலால் ஊதினால் புகையும் போகும், தலைக்கு இரத்தமும் ஏறும். ஒரு மாதம் நான் அடுப்பைப் பார்க்கிறேன் என்று சொல்லி, விடிய நாலரைக்கு எழும்பிச் சமைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். தண்ணீர்க் குடத்தையும் அவர் தூக்கவில்லை. நான் அறிய அவர் ஒரு மாதம் சும்மா இருந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

திருநீற்றைப் பற்றி எந்த ஆஸ்பத்திரித் துண்டிலும் எழுதியிருக்கவில்லை. பார்க்க வந்த சனம் எல்லாம் ஏதாவதொரு கோயில் திருநீற்றோடு வந்தது. முறிகண்டிப் பிள்ளையாரின் திருநீறு, வற்றாப்பளை அம்மனின் திருநீறு. அன்போடு நெற்றியில் அள்ளிப் பூசுவார்கள், பொட்டுப் பொட்டாக இமையில் கொட்டும். வேண்டாமென்று எப்படிச் சொல்வது? ஒரு சின்னத் தட்டில் தண்ணீர் வைத்து, குழைத்துப் பூசுங்கோ என்று கேட்டுக்கொண்டேன். ஒருவரும் குறை நினைக்கவில்லை.

குளிப்பும் அப்படித்தான். தலையில் வாளியால் ஊற்றினால்தான் அவருக்குக் குளித்தது போல. முதல் கிழமை கழுத்துக்குக் கீழேதான் வார்த்தார், முகத்தைப் பிழிந்த துணியால் கண்ணை விட்டுத் துடைத்தார். டொக்டர் சரி என்ற பிறகு, வாங்கில் மல்லாக்கப் படுக்கவைத்துத் தலையைப் பின்னால் தொங்கவிட்டு நான் முழுக வார்த்தேன். சின்னப் பிள்ளையில் எனக்கு அவர் வார்த்த மாதிரி. இமையில் சேரும் பீளையைச் சேலைத் தலைப்பால் துடைக்கும் பழக்கத்தை நிறுத்தி, கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்த பஞ்சால் மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரு தரம் துடைத்து எறிந்தோம். அடுத்த துடைப்புக்குப் புதுப் பஞ்சு.

கண் தெளிந்ததும் இன்னொரு வில்லங்கம் வந்தது. பாரிசில் இருக்கும் தம்பியின் முகத்தைப் போனில் முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தார். "நீ இவ்வளவு நரைச்சுப்போனியே தம்பி" என்று அழுதார். பிறகு ஒவ்வொரு இரவும் ஒரு மணித்தியாலம் இமை கொட்டாமல் போனையே பார்த்துக்கொண்டிருப்பார். கண் எரியத் தொடங்கும். ஒரு திரையை உற்றுப் பார்க்கும்போது எவரும் இமைப்பதைக் குறைத்துவிடுவார்கள், இமைத்தால்தான் கண்ணீர் பரவும். "அம்மா, கண்ணை மூடித் திறவுங்கோ" என்று தம்பியே அந்தப் பக்கத்திலிருந்து ஞாபகப்படுத்தத் தொடங்கினான்.

எங்கள் ஊர் மருந்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுப் பெரியம்மா நந்தியாவட்டைப் பூவைத் தண்ணீரில் போட்டுக் கொண்டுவந்தார். தாய்ப்பால் ஒரு துளி விட்டால் குளிர்மை என்று இன்னொருவர் சொன்னார், கைக்குழந்தைக்காரி ஒருத்தி தருவதற்கும் தயாராக இருந்தாள். அந்த அன்பை நான் மதிக்கிறேன். வயலில் உமி பட்ட கண்ணுக்கு நானும் சின்ன வயதில் நந்தியாவட்டை வைத்துப் படுத்திருக்கிறேன். ஆனால் ஒப்பரேசன் செய்த கண் அந்தக் கண் இல்லை. அநேகமாக அந்த வெட்டுக்குத் தையலே போடுவதில்லை, அது தன்பாட்டில் பொருந்தி மூடவேண்டும். அதுவரை அது ஒரு திறந்த வாசல். உள்ளே கிருமி போனால் சில நாளிலேயே பார்வை முழுக்கப் போய்விடக்கூடும். பூவும் பாலும் தேனும் எண்ணெயும் அந்த வாசலுக்குக் கிட்டப் போகவே கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. சாப்பாட்டில் மட்டும் விட்டுக்கொடுத்தேன். கத்தரிக்காயும் இறாலும் கிரந்தி (புண்ணைக் கிளப்பும் சாப்பாடு) என்று அம்மா ஒரு மாதம் தொடவில்லை, அதற்கும் கண்ணுக்கும் தொடர்பில்லை என்று டொக்டர் சொல்லியும் கேட்கவில்லை. சீனி வருத்தம் இருந்ததால் அதைக் கட்டுக்குள் வைக்கவும், மலச்சிக்கல் வந்து முக்காமல் இருக்கவும் கீரையும் பழமும் கொடுத்தோம். அதுதான் தேவைப்பட்டது.

இரண்டாவது கண்ணுக்கு அம்மா லேசில் சம்மதிக்கவில்லை. முதல் தடவை உள்ளே லென்ஸ் வைத்ததை அவர் சரியாக விளங்கியிருக்கவில்லை. பிளாஸ்டிக் துண்டு ஒன்று என்று யாரோ சொல்லிவிட்டார்கள். "உடம்புக்கை ஒரு பீஸ் காணாதெண்டு இன்னும் இரண்டே?" என்று கேட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

பிறகு ஒரு இரவு, அந்த லென்ஸ் எப்படி வந்தது என்று அவருக்குச் சொன்னேன். இரண்டாம் உலகப் போரில் விமானங்களின் கண்ணாடிக் கூடு நொறுங்கி, அதன் துண்டுகள் விமானிகளின் கண்ணுக்குள் பாய்ந்தன. அது உண்மையில் கண்ணாடி இல்லை, ஒருவகைப் பிளாஸ்டிக். ஹறோல்ட் றிட்லி என்ற ஆங்கிலேயக் கண் டொக்டர் அந்தத் துண்டுகள் கண்ணுக்குள் கிடந்தும் சீழ் பிடிக்காமல், கண் அவற்றைப் பேசாமல் ஏற்றுக்கொண்டு இருப்பதைக் கவனித்தார். அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து, 1949 கார்த்திகையில் லண்டனில் ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். அவருடைய காலத்து டொக்டர்மார் பலர் அவரை எதிர்த்தார்கள். இன்று உலகம் முழுக்கப் புரை எடுத்த கண்களுக்குள் இருப்பது அந்த யோசனைதான்.

அம்மா கனநேரம் ஒன்றும் சொல்லவில்லை. தோளைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தப் பெடியளுக்குப் பார்வை வந்ததோ?" என்று கேட்டார். விமானிகளைத்தான் கேட்கிறார். ஒருவர் ஒருவராய் எனக்குத் தெரியாதம்மா என்றேன். அடுத்த கிளினிக்கில் இடக் கண்ணுக்குத் திகதி எடுத்தோம்.

அது கார்த்திகை. தூசு இல்லை, மழை. இந்த முறை எல்லாம் தயாராக இருந்தது. அன்றே வீட்டுக்கு விட்டார்கள், மறுநாள் காலை வரச் சொன்னார்கள். கண்ணின் மேல் பிளாஸ்டிக் மூடி ஒட்டி, வலப் பக்கம் சரித்துப் படுக்கவைத்தேன். இரவு ஒன்பது மணிபோல அம்மா சத்தி எடுத்தார். "பின்னேரம் குடிச்ச கஞ்சி ஒத்துக்கொள்ளேல்லை" என்றார். ஒரு பனடோல் கொடுத்தேன். அரை மணித்தியாலத்தில் திரும்பவும் சத்தி. அப்போதுதான் கேட்டேன்.

"அம்மா, உறுத்துதோ?"

"இல்லை."

"கரிக்குதோ, எரியுதோ?"

"இல்லைப் பிள்ளை."

"விண்விண்ணெண்டு இடிக்குதோ? புருவத்துக்கு மேலை?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ஓம். மண்டை பிளக்கிற மாதிரி" என்றார்.

கொட்டும் மழையில் ஓட்டோ பிடித்து, பரந்தன் சந்தி தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி. கண்ணுக்குள் அமுக்கம் ஏறியிருந்தது. சாதாரணமாக 10க்கும் 21க்கும் இடையில் இருப்பது, அம்மாவுக்கு 38. ஒப்பரேசன் நேரம் கண்ணுக்குள் விடும் பசை போன்ற மருந்தில் கொஞ்சம் தங்கிவிட்டால், கண்ணின் நீர் வடியும் வழி அடைபட்டு இப்படி ஆகும் என்று இளம் டொக்டர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். துளி மருந்தும் குளிசையும் கொடுத்தார்கள். விடியப் பார்த்தபோது இறங்கியிருந்தது. "நல்ல நேரம் கொண்டுவந்தீங்கள்" என்றார் அவர். விடியும்வரை பொறுத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை.

அந்த இரவுக்குப் பிறகு நான் ஒரு கடதாசியில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். விண்விண்ணென்ற இடி, சத்தி, நாளுக்கு நாள் கூடும் நோ அல்லது சிவப்பு, வந்த பார்வை திரும்ப மங்குதல், சீழ், கண்ணுக்குள் மின்னல் வெட்டுதல், கரும்புள்ளிகள் திடீரென்று பறத்தல், ஒரு பக்கத்தில் திரை விழுந்தது போல இருத்தல். இதில் ஒன்று வந்தாலும் இரவென்று பார்க்காமல், மழையென்று பார்க்காமல் போவது. மற்றதுக்கெல்லாம் குளிர்ந்த துளியும் நிழலும் பொறுமையும்.

இப்போது பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்குப் புரை எடுத்திருக்கிறது. நேற்றுப் பின்னேரம் நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது வேலிக்கு அந்தப் பக்கம் அம்மாவின் குரல் கேட்டது.

"நோகுதோ எண்டு கேக்கேல்லையக்கா. நீங்கள் இல்லையெண்டுதான் சொல்லுவியள். உறுத்துதோ, கரிக்குதோ, அதைச் சொல்லுங்கோ."